மறுமொழி: ‘மாட்சிப்’ – ஒட்டுச்சில்லா, கள்ளச்சில்லா? (விளையாட்டுப் பெட்டிக் கலைச்சொற்கள்)

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுப் பெட்டிகளை (வீடியோ கேம் கன்சோல்களை) மாற்றியமைக்கும் வேலையில் புழங்கும் ‘மாட்சிப்’ முதலிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் கேட்டிருந்தேன். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிவரும் கையேட்டுக்காகத்தான் கேட்டேன். மாட்சிப் என்பது பெட்டிக்குள் கூடுதலாகப் பற்றவைக்கும் சில்லு (சிப்). சித்தூர் வட்டத்தில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் பழைய விளையாட்டுப் பெட்டிகளைப் பிரித்துப் பழக வருகிறார்கள். வந்த பரிந்துரைகள் அனைத்தையும் படித்தேன். முதலில் கோவை ஐயா எழுதியது:

> ‘கள்ளச்சில்லு’ என்றே வைத்துவிடலாம். செய்வது திருட்டு வேலைதானே? சுற்றி வளைப்பானேன்?

ஐயா, அந்தச் சில்லு என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவோம். முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. அதன் தகட்டில் உள்விளிம்பை ஒட்டிய தடம் மிக நுண்ணிய அளவில் நெளிந்து ஓடுகிறது. அந்த நெளிவுக்குள் நான்கு எழுத்துகள் ஒளிந்திருக்கின்றன: ஜப்பானுக்கு எஸ்.சி.இ.ஐ., அமெரிக்காவுக்கு எஸ்.சி.இ.ஏ., ஐரோப்பாவுக்கு எஸ்.சி.இ.இ. பெட்டி அதைப் படித்துப் பார்த்து, தன் நாட்டு எழுத்தாக இருந்தால் மட்டும் ஆட்டத்தைத் தொடங்கும். வீட்டுக் கணினியில் தகடு எழுதினால் தரவு வரும், நெளிவு வராது. மாட்சிப் என்பது அந்த நான்கு எழுத்தைத் தகட்டுக்குப் பதிலாகத் தானே பெட்டியின் காதில் ஓதும் ஒரு சிறு நுண்கட்டுப்படுத்தி (மைக்ரோகண்ட்ரோலர்). அவ்வளவுதான்.

நகல் தகடு மட்டுமல்ல, ஜப்பானில் காசு கொடுத்து வாங்கிய அசல் தகடும் ஐரோப்பியப் பெட்டியில் ஓடாது. அதை ஓட்டுவதற்கும் இதே சில்லுதான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65அ பிரிவுகூட, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்பை முறிப்பவருக்குத்தான் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. நோக்கத்தைச் சட்டமே தனியாக விசாரிக்கும்போது, பொருளுக்குப் பெயர் வைக்கும் நாம் முன்கூட்டியே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். நகல் தகடு ஓட்டக்கூடாது என்று கையேட்டில் தனியாகவே எழுதியிருக்கிறேன். அது அறிவுரையின் வேலை, கலைச்சொல்லின் வேலை அல்ல.

என் பரிந்துரை ‘ஒட்டுச்சில்லு’. இங்கிருந்து சற்றுத் தொலைவில் மாந்தோப்புகள் நிறைந்த முதலமடை. ஒட்டு மாங்கன்று என்றால் என்னவென்று அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை: வேரும் அடிமரமும் பழையதே, ஒட்டிய கிளையின் குணம் வேறு. நான்கைந்து மெல்லிய கம்பிகளால் பழைய பலகையில் பற்றவைத்த சில்லுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வந்தன. மென்பொருள் திருத்தத் துண்டுக்கு ஏற்கெனவே ‘ஒட்டு’ என்று பலர் எழுதுகிறார்கள் என்பது முதலாவது. அங்கே அது துணியில் போடும் ஒட்டு, இங்கே செடியில் கட்டும் ஒட்டு. ‘சில்லு’ என்ற பின்பாதி குழப்பத்தைத் தீர்த்துவிடும். மதுரை அம்மா எழுப்பிய இரண்டாவது மறுப்புதான் கனமானது: ஒட்டுச்சில்லு என்றதும் ஒட்டுக்கேட்கும் கருவி என்றே அவர் காதில் விழுகிறதாம். மறுக்க மாட்டேன். ஆனால் உளவுக் கருவிக்கு ‘ஒட்டுக்கேட்பு’ என்று முழுதாகவே எழுதுகிறோம், வெறும் ‘ஒட்டு’ என்று யாரும் எழுதுவதில்லை.

இனி, எனக்கு உண்மையிலேயே கவலை தரும் சொல்: பெட்டியை இப்படி மாற்றும் ‘மாடிங்’ என்னும் வேலைக்கே என்ன பெயர்?

‘மறுபணி’ என்று ஒருவர் தந்திருக்கிறார். சென்னையில் செல்லும், பாலக்காட்டில் செல்லாது. இங்கே ‘பணி கிட்டி’ என்றால் மலையாளத்தில் வசமாக மாட்டிக்கொண்டான் என்று பொருள். பட்டறைப் பிள்ளைகளில் பாதிப் பேர் மலையாளிகள், கையேட்டின் அட்டையைப் பார்த்தே சிரிப்பார்கள். வண்டிக்காரர்கள் சொல்லும் ‘ஆல்ட்ரேஷன்’ இருக்கிறது, ஆனால் தையற்கடைதான் நினைவுக்கு வருகிறது. ‘மாற்றியமைத்தல்’ என்று செய்தித்தாள்கள் வாகனங்களுக்கு எழுதுவதையே சுருக்கி ‘மாற்றமைப்பு’ என்று கொள்ளலாம். செய்பவர் மாற்றமைப்பாளர். அழகான சொல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் விளக்கம் தேவைப்படாத சொல்.

அடுத்தது ஹார்ட்மாட் (வன்பொருளைத் தொட்டுச் செய்வது), சாஃப்ட்மாட் (நிரலால் மட்டும் செய்வது). பெரும்பாலோர் ‘வன்மாற்றம்’, ‘மென்மாற்றம்’ என்கிறார்கள். வன்பொருள், மென்பொருளின் தடத்தில் போவது எளிது, ஆனால் அந்தக் கோடு சரியான இடத்தில் விழவில்லை. நிண்டெண்டோ ஸ்விட்சை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் அதன் டெக்ரா சில்லுக்குள் எழுதப்பட்ட தொடக்க நிரலில் ஒரு பிழை வெளிப்பட்டது. அழிக்கமுடியாத நினைவகத்தில் இருப்பதால், ஏற்கெனவே விற்ற பெட்டிகளில் அதைப் புதுப்பிப்பு அனுப்பித் திருத்த வழியில்லை. அந்தப் பழைய பெட்டிகளில் கைக்கருவியைச் செருகும் வலப்பக்கத் தண்டவாளத்தில் உள்ள 10ஆவது முனையைச் சிறு உலோகத் துண்டால் தரைமுனையோடு (கிரவுண்ட்) இணைத்து, உரிய பொத்தான்களை அழுத்தினால், யு.எஸ்.பி. வழியாக நம் நிரலை ஏற்றலாம். உலோகம் தொட்டது, ஆகவே வன்மாற்றமா? ஒரு திருகாணிகூடக் கழலவில்லை, ஆகவே மென்மாற்றமா?

புதியவனுக்குத் தெரிய வேண்டியது வேறு: பெட்டி திறக்கப்படுகிறதா, இல்லையா? திறந்தால் திருப்புளி, பற்றவைப்பு, நிலைமின்சாரம், உடையும் பிளாஸ்டிக் எல்லாம் வரும். திறக்காவிட்டால் கோப்பும் மின்தடையும்தான் எதிரி. ஆகவே ‘திறப்பு மாற்றமைப்பு’, ‘திறவா மாற்றமைப்பு’ என்கிறேன். பிளேஸ்டேஷன் 2க்கு 8 எம்.பி. நினைவட்டையில் நிரல் போட்டுச் செருகுவது திறவா மாற்றமைப்பு. கேம்பாய் அட்வான்சுக்குப் பின்னொளித் திரை போடுவது திறப்பு மாற்றமைப்பு.

அந்தத் திரை வேலைதான் எங்கள் முதல் பாடம். எந்தப் பூட்டையும் உடைக்காத வேலை. 2001இல் வந்த அந்தப் பெட்டியின் திரைக்கு ஒளியே கிடையாது, ஜன்னலோரம் உட்கார்ந்துதான் ஆட வேண்டும். பின்புறத்தில் வழக்கமான கூட்டல்குறித் திருகாணிக்குப் பதிலாக மூன்று இதழ்களாக வெட்டிய திருகாணிகள். ‘மூவிதழ்த் திருகாணி’ என்று எழுதியிருக்கிறேன், யாரும் எதிர்க்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சிறு கூட்டல்குறித் திருப்புளியை வைத்து அழுத்திச் சுற்றினால் இதழ்கள் மழுங்கி, பிறகு எந்தத் திருப்புளிக்கும் பிடிகொடுக்காது. உள்ளே திரையின் ரிப்பன் கேபிளைப் பிடித்திருக்கும் தாழுக்கு இருபுறமும் நகமளவு காதுகள். இரண்டையும் சமமாக, மிகச் சிறிதளவே வெளியே இழுக்க வேண்டும். கேபிளைப் பிடித்து இழுக்கவே கூடாது. பலகையில் 32 முனை, 40 முனை என இரு வகை உண்டு, திரை வாங்கும் முன் எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்தேக்கி மாற்றுவதை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது பழுதுபார்ப்பு. முதல் எக்ஸ்பாக்ஸின் கடிகார மின்தேக்கி கசிந்து பலகையின் தடங்களை அரிக்கும், அதை எடுத்துப்போடுவது மருத்துவம். கடையில் ‘கண்டன்சர்’ என்று கேட்டால்தான் தருவார்கள் என்பதையும் கையேட்டில் குறித்திருக்கிறேன்.

ஹோம்ப்ரூ (நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் ஆர்வலர்களே எழுதும் நிரல்) என்பதற்கு ‘வீட்டு வடிப்பு’ என்று தந்த நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: சித்தூர் வட்டம் கேரளத்துக்கே கள் அனுப்பும் ஊர். ‘பிள்ளைகளுக்கு வீட்டு வடிப்புப் பயிற்சி’ என்று நோட்டீஸ் ஒட்டினால் கலால் துறை ஜீப் முதலில் வரும். ‘தன்னாக்கம்’ போதும்.

– கொழிஞ்சாம்பாறையிலிருந்து

*

வணக்கம் அண்ணா,

ஆந்திரத்தின் குப்பம் ஊரிலிருந்து எழுதுகிறேன். இங்கே கடைத்தெருவில் தெலுங்கு, வீட்டில் தமிழ். திறவா மாற்றமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பூட்டை உடைப்பதற்கும் உடைக்காததற்கும் தனிச் சொல் இல்லாமல் விட்டுவிட்டீர்களே? நிண்டெண்டோவின் என்.இ.எஸ். பெட்டியில், அனுமதியில்லாத ஆட்டங்களைத் தடுக்கும் பூட்டுச்சில்லின் 4ஆவது காலைப் பலகையிலிருந்து தூக்கிவிட்டாலே பூட்டு செயலிழந்துவிடும். எதையும் ஒட்டவில்லை, ஒரு காலை விடுவித்தோம், அவ்வளவுதான். அதை ஒட்டுச்சில்லின் கீழ் எப்படிக் கொண்டுவருவீர்கள்? ‘பூட்டுநீக்கம்’ என்று தனியாக ஒன்று வேண்டும்.

இன்னொன்று. மாற்றமைப்பு தவறிப் பெட்டி அடியோடு செயலிழப்பதை, அதாவது ‘பிரிக்’ (செங்கல்) ஆவதை, ‘கல்லாதல்’ எனலாமா? உயிருள்ள பெட்டி கல்லாகிவிடுகிறது. மீட்பதற்குச் சாபவிமோசனம் என்ற சொல்லும் கையிருப்பில் உள்ளது.

*

தம்பிக்கு,

பூட்டுநீக்கம் எடுத்துக்கொண்டேன். அதன் கீழ் ஒரு வழி ஒட்டுச்சில்லு, இன்னொரு வழி நீங்கள் சொன்ன கால்தூக்கல். நம் வீடுகளில் 90களில் இருந்த டி.வி. கேம்கள் பெரும்பாலும் என்.இ.எஸ்.ஸின் ஜப்பானிய வடிவமான பேமிகாமின் நகல்கள். பேமிகாமில் அந்தப் பூட்டே இல்லை என்பதால் இங்கே யாருக்கும் இப்படி ஒரு சொல் தேவைப்பட்டிருக்காது.

அகலிகைக் கதை நன்றாகவே பொருந்துகிறது. ஒரே சிக்கல், ‘கல்லாதல்’ என்பதைக் ‘கற்காமல் இருத்தல்’ என்றும் படிக்கலாம். காப்பு நகல் எடுக்காமல் நிண்டெண்டோவின் வீ (Wii) பெட்டியில் கைவைப்பவனுக்கு இரண்டு பொருளும் சரிதான் என்றாலும், கையேட்டில் ‘கல்லாகிப்போதல்’ என்றே விரித்து எழுதுகிறேன். வீயின் உள்நினைவகம் மொத்தமே 512 எம்.பி. அதன் முழு நகல் ஒரு சின்ன அட்டையில் அடங்கிவிடும், எடுக்காமல் விடுவதற்குச் சாக்கே இல்லை.

மீதமிருப்பது ஃப்ளக்ஸ், பற்றவைக்கும் முன் உலோகத்தின் மேலுள்ள களிம்பை (ஆக்சைடு படலத்தை) நீக்கத் தடவுவது. பொற்கொல்லர்களின் ‘வெங்காரம்’ இருக்கிறதே என்று சிலர் கேட்டார்கள். அது உண்மையிலேயே வேறொரு பொருளின் பெயர். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள், ஒரு பிள்ளை அதை வாங்கிவந்து பலகையில் தூவிவிட்டால் யார் பொறுப்பு? ‘பற்றுக்களிம்பு’ என்றால் களிம்பை நீக்குவதற்கே களிம்பு என்று பெயர் வைத்ததாகும். செம்புப் பாத்திரம் தேய்த்தவர்களுக்கு இது உடனே உறுத்தும். பட்டறையில் எல்லோரும் ‘பேஸ்ட்’ என்கிறார்கள், நானும் அதையே எழுதிவைத்திருக்கிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் வரும் சனிக்கிழமைக்குள் அனுப்புங்கள், ஞாயிறன்று பிரதி எடுக்கக் கொடுக்கிறோம்.