அடுத்த இருக்கையில் எதிரணி ரசிகர்: ரக்பி அனுபவங்கள்

வெலிங்டனிலிருந்து

நான் மதுரைக்காரன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நியூசிலாந்து வந்தபோது, ரக்பி என்றால் ஆளை ஆள் போட்டு அமுக்கும் விளையாட்டு என்ற அளவில்தான் தெரியும். பந்தை முன்னால் வீசக்கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும் என்பது புரியவே ஒரு சீசன் ஆனது. இப்போது நியூசிலாந்து தேசிய அணியான ஆல் பிளாக்ஸ் தோற்றால் எங்கள் வீட்டில் இரண்டு நாள் சாம்பாரில் உப்பு சரியாக இருக்காது. சமையல் நான்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 13, வெலிங்டன் மைதானம். வட்டமாகத் தகரம் போர்த்தியதுபோல இருப்பதால் உள்ளூரில் அதைக் கேக் டின் என்பார்கள். முந்தைய சனிக்கிழமை ஆக்லாந்து ஈடன் பார்க்கில் தென்னாப்பிரிக்க அணியான ஸ்பிரிங்பாக்ஸை 24-17 என்று வென்றிருந்தோம். 1994க்குப் பிறகு அங்கே யாரும் ஆல் பிளாக்ஸை வென்றதில்லை. அந்த மிதப்போடுதான் போய் உட்கார்ந்தேன்.

என் பக்கத்தில் ஸ்பிரிங்பாக்ஸின் பச்சைச் சட்டையில் ஒரு அப்பாவும் பதினைந்து வயதிருக்கும் மகளும். பிரிட்டோரியாவிலிருந்து வந்து ஆக்லாந்தில் குடியேறியவர்கள். இடைவேளையில் நாங்கள் 10-7 என்று முன்னிலை. நான் பெரிய மனதோடு என் சிப்ஸ் டப்பாவை அவர்கள் பக்கம் நீட்டினேன். மகள் நன்றி சொல்லி இரண்டு எடுத்துக்கொண்டாள். அப்பா டப்பாவையே மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. இரண்டாம் பாதியில் அவர்கள் 36 புள்ளி, நாங்கள் பூஜ்யம். ஸ்க்ரம்மில், அதாவது இரண்டு அணியும் எட்டெட்டுப் பேராகத் தோள் கோத்துத் தள்ளும் மோதலில், அவர்கள் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் எங்கள் வரிசை குடை மடங்குவதுபோல மடங்கியது. 43-10. ஆல் பிளாக்ஸ் வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் தோற்றது கிடையாது. அந்த மனிதர் ஒருமுறைகூடக் கத்தவில்லை. முடிந்ததும் எழுந்து, டப்பாவை மூடி என் கையில் கொடுத்தார். "கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இன்று உங்களுக்குத்தான் தேவைப்படும்."

ஆல் பிளாக்ஸ் கதை முடிந்துவிட்டதா? புள்ளிவிவரம் வேண்டாம், அது எல்லோரிடமும் இருக்கிறது. எதிரணி ரசிகரோடு உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

சிட்னி, வென்ட்வொர்த்வில்

ஒரு 43-10க்கே இந்தப் புலம்பலா? ஆஸ்திரேலிய அணியான வாலபீஸின் ரசிகனாக ஒரு வருடம் இருந்து பாருங்கள் ஐயா. நம் இரண்டு நாடும் மோதும் பிளெடிஸ்லோ கோப்பை 2003இல் தாஸ்மன் கடலைத் தாண்டி உங்கள் பக்கம் வந்தது. திரும்பவே இல்லை. என் மூத்தவன் 2004இல் பிறந்தவன். அவன் மீசை வைத்து, வேலைக்கும் போகிறான். அந்தக் கோப்பை எங்கள் கையில் இருந்து அவன் பார்த்ததே கிடையாது.

2023 உலகக் கோப்பையில் ஃபிஜியிடம் 22-15. அடுத்த வாரம் திங்கள் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து காபி போட்டு உட்கார்ந்தால், வேல்ஸிடம் 40-6. காபி ஆறுவதற்குள் முடிந்தது மாதிரி இருந்தது. முதல் சுற்றோடு வாலபீஸ் வெளியேறியது அதுதான் முதல் தடவை. அன்று ஆபீஸில் என்னோடு வேலை செய்யும் கேப் டவுன்காரர் ஒன்றும் சொல்லாமல் என் மேஜையில் ஒரு டிஷ்யூ பெட்டியை வைத்துவிட்டுப் போனார்.

அதே ஆளுக்கு 2025 ஆகஸ்டில் நான் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். எல்லிஸ் பார்க், ஜோகன்னஸ்பர்க். கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர், வெளியூர்க்காரனுக்கு மூச்சே பாதிதான் வரும். இங்கே நள்ளிரவு தாண்டிய நேரம். 22-0 என்று பின்தங்கியதும் டிவியை அணைத்துப் படுத்துவிட்டேன். காலையில் பல் தேய்த்துக்கொண்டே போனைப் பார்க்கிறேன், ஆஸ்திரேலியா 38, தென்னாப்பிரிக்கா 22. நான் தூங்கியபிறகு தொடர்ந்து 38 புள்ளி! அந்த மைதானத்தில் 1963க்கப்புறம் வாலபீஸ் வென்றதே இல்லை. அப்படிப்பட்ட ஆட்டத்தைக் குறட்டை விட்டுக் கழித்தேன். கேப் டவுன்காரரிடமிருந்து அன்று முழுக்க ஒரு செய்திகூட இல்லை. திங்கள்கிழமை டிஷ்யூ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். லீவு போட்டிருந்தார்.

ஆனால் மறக்க முடியாதது வேறு. 2020 நவம்பர், பாராமட்டா. வீட்டிலிருந்து பத்து நிமிடம்தான், அதனால் போனேன். ஆல் பிளாக்ஸ் எதிர் அர்ஜென்டினா. கொரோனாவால் அர்ஜென்டினாவின் பூமாஸ் அணி 400 நாளுக்கு மேல் ஒரு டெஸ்ட் (சர்வதேச ஆட்டம்) கூட ஆடியிருக்கவில்லை. இரண்டு வரிசை முன்னால் வெளிர்நீலமும் வெள்ளையுமாகச் சட்டை போட்ட ஒருவர், இங்கே பெயின்ட் அடிக்கும் வேலையாம், விரல் நகத்தில் இன்னும் வெள்ளை ஒட்டியிருந்தது. தேசிய கீதத்துக்கே அழ ஆரம்பித்தார். நிகோலாஸ் சான்செஸ் ஒவ்வொரு பெனால்டியாக உள்ளே போட்டார். ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது), அதற்கப்புறம் உதைக்கும் கன்வெர்ஷன் எல்லாம் சேர்த்து அவர்களுடைய 25 புள்ளியும் அந்த ஒருத்தர் காலிலும் கையிலும்தான். 25-15. அர்ஜென்டினா ஆல் பிளாக்ஸை வென்ற முதல் ஆட்டம். பெயின்டர் திரும்பி யாரையோ தேடினார், யாரும் இல்லை, என்னைக் கட்டிக்கொண்டார். சமூக இடைவெளியாவது ஒன்றாவது.

இத்தனைக்கும் அவர்கள் 2012இல்தான் ரக்பி சாம்பியன்ஷிப் என்ற இந்த நாலு நாட்டுப் போட்டிக்குள் சேர்க்கப்பட்டவர்கள். அதற்கு முன் எங்கள் மூன்று பேருடைய குடும்பச் சண்டையாக இருந்தது அது. 2025இல் புவெனஸ் அயர்ஸிலேயே வைத்து ஆல் பிளாக்ஸை 29-23 என்று வென்றார்கள். சொந்த மண்ணில் முதல் தடவை. அன்று அந்த மனிதர் என்ன செய்திருப்பார் என்றுதான் யோசித்தேன்.

ஆக்லாந்து, மவுண்ட் ராஸ்கில்

வெலிங்டன்காரருக்கு என் பதில்: ஆல் பிளாக்ஸ் கதை முடியவில்லை, ஆனால் சோம்பல் வந்துவிட்டது. காரணம் சொல்கிறேன். 2020 வரை எங்கள் கிளப்புகள் ஆடும் சூப்பர் ரக்பி போட்டியில் தென்னாப்பிரிக்க கிளப்புகளும் இருந்தன. எங்கள் பையன்கள் வருடா வருடம் அந்த மலை மாதிரி ஆட்களோடு மோதி, டர்பனுக்கும் பிரிட்டோரியாவுக்கும் பறந்து அடி வாங்கிப் பழகினார்கள். அப்புறம் அவர்கள் ஐரோப்பியப் போட்டிக்குப் போய்விட்டார்கள். இப்போது எங்களுக்குள்ளேயே ஓடிப் பிடித்து விளையாடுகிறோம். பார்க்க அழகுதான்.

இன்னொன்று, வெளிநாட்டு கிளப்பில் ஆடினால் ஆல் பிளாக்ஸில் இடம் இல்லை என்ற விதி. ரிச்சி மோவுங்கா 2023க்குப் பிறகு ஜப்பான் போனார், கருப்புச் சட்டை போயிற்று. தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பே ஃபிரான்ஸிலும் ஜப்பானிலும் ஆடிக்கொண்டே பச்சைச் சட்டையும் போட்டார். அன்று வெலிங்டனில் இரண்டு ட்ரை வைத்தது யாராம்? நான் விதியைத் தளர்த்த வேண்டும் என்ற கட்சி. என் மனைவி, தளர்த்தினால் இங்கே கிளப் ஆட்டம் பார்க்க ஒருத்தனும் மிச்சம் இருக்கமாட்டான் என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான், அதை அவளிடம் சொல்லவில்லை.

எல்லோரும் நாலு அணியைப் பற்றியே பேசுகிறீர்கள். ஃபிஜி எங்கே? பக்கத்து வீட்டுக்காரர் ஃபிஜி இந்தியர், பெயரின் கடைசியில் கவுண்டர். கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவர். தமிழில் நாலைந்து சொல் வரும், அதில் இரண்டு கெட்ட வார்த்தை. பர்ஸிலிருந்து ஒருநாள் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். ஏழு டாலர் நோட்டு! 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஏழு பேர் ரக்பியில் தங்கம் வென்றதற்காக அரசாங்கமே அச்சடித்தது. அதுதான் அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம். மடிப்பு விழாமல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். ஒருமுறை தொட்டுப் பார்க்கக் கேட்டேன். கை கழுவிவிட்டு வரச் சொன்னார்.

டர்பன்

வேலை நிமித்தம் மூன்று வருடமாக இங்கே தென்னாப்பிரிக்காவில் இருக்கிறேன். வீட்டுக்காரர் எண்பது தாண்டியவர், இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதிக்காரர். நான் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன், அந்தச் சொல் இங்கேயும் உயிரோடு இருக்கிறது. மற்றபடி பேச்செல்லாம் ஆங்கிலம். தைப்பூசக் காவடிக்கு மட்டும் தமிழ் வரும்.

2023 அக்டோபர் 28, பாரிஸில் ஆல் பிளாக்ஸோடு உலகக் கோப்பை இறுதி ஆட்டம், இங்கே இரவு ஒன்பது மணி. வீட்டில் பதினாறு பேர், வாசலில் பிராய் என்ற கரி அடுப்பில் இறைச்சி, எல்லோர் மேலும் பச்சை. தாத்தா மட்டும் சாம்பல் நிற ஸ்வெட்டர். கால் இறுதியில் ஃபிரான்ஸை 29-28, அரை இறுதியில் இங்கிலாந்தை 16-15 என்று தப்பித்து வந்த அணி ஸ்பிரிங்பாக்ஸ். முதல் பாதியிலேயே ஆல் பிளாக்ஸ் கேப்டன் சாம் கேனுக்குச் சிவப்பு அட்டை. வீடு இடிகிற மாதிரி சத்தம். ஹான்ட்ரே போலார்ட் நாலு பெனால்டி. அப்புறம் பதினாலு பேரை வைத்துக்கொண்டே நியூசிலாந்து துரத்தத் தொடங்கியது. போடன் பாரெட் ட்ரை வைத்தபோது வீட்டில் ஒரு பேச்சில்லை. அந்த அமைதியில் ஒரே ஒரு கைதட்டல் கேட்டது. திரும்பினால் தாத்தா.

மகன் பொறுக்காமல், "அப்பா, இன்னுமா?" என்றார். எனக்குப் புரியவில்லை. 12-11, ஜோர்டி பாரெட்டின் தொலைதூர உதை வெளியே போய், விசில் அடித்து, எல்லோரும் தெருவில் இறங்கி ஆடிய பிறகு, தாத்தாவிடம் போய்க் கேட்டேன்.

அந்தக் காலத்தில், நிறவெறி ஆட்சியில், மைதானத்தில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருப்பார்களாம். அங்கே நின்றுகொண்டு யார் வந்தாலும் வெளியூர் அணிக்குத்தான் கைதட்டுவார்களாம். 1960இல் நியூசிலாந்து தன் பூர்வகுடி மாவோரி ஆட்களைக் கழித்துவிட்டு இங்கே வந்தது. 1970இல் மாவோரிகளும் சமோவா வம்சத்து பிரையன் வில்லியம்ஸும் வந்தார்கள், ஆனால் 'கௌரவ வெள்ளையர்' என்ற முத்திரையோடு. தாத்தா சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "எங்கள் நிறத்தில் ஒருவன் அவர்கள் அணியில் ஓடினான். எங்கள் நாட்டு அணியில் எங்களுக்கு இடமில்லை. நீயாக இருந்தால் யாருக்குக் கைதட்டுவாய்?"

1995இல் மாறியதா என்று கேட்டேன். அந்த வருட உலகக் கோப்பை அரை இறுதி இங்கேதான், கிங்ஸ் பார்க்கில். கொட்டிய மழையில் பெண்கள் துடைப்பத்தால் மைதானத்துத் தண்ணீரைத் தள்ளினார்கள். "அதைப் பார்த்து என் மனைவி சொன்னாள், இந்த நாட்டில் எது மாறினாலும் துடைப்பம் யார் கையில் என்பது மட்டும் மாறாது என்று." அடுத்த வாரம் மண்டேலா ஆறாம் எண் பச்சைச் சட்டையில் எல்லிஸ் பார்க்குக்குள் நடந்து வந்தபோது தாத்தா எழுந்து நின்றாராம். ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி பந்தைத் தரையில் தட்டி உதைத்துப் போட்ட டிராப் கோலுக்கு முதல் தடவையாக ஸ்பிரிங்பாக்ஸுக்குக் கைதட்டினாராம். "புத்தி மாறிவிட்டது. கை மட்டும் பழைய வழக்கத்தில் சில சமயம் தானாகத் தட்டிவிடுகிறது." அதே ஆறாம் எண் சட்டையில் இன்று கேப்டன் சியா கோலிசி. பேரனுக்கு அவர்தான் எல்லாம்.

கேப் டவுன் பக்கம் இந்த வழக்கம் இன்னும் கெட்டி. அங்கே கலப்பினக் குடும்பங்களில் தலைமுறையாக ஆல் பிளாக்ஸுக்கும் கிறைஸ்ட்சர்ச்சின் க்ரூசேடர்ஸ் கிளப்புக்கும் கொடி பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். துரோகி என்று திட்டுபவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தாத்தாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு எனக்கு அப்படித் திட்ட வாய் வரவில்லை.

மெல்பேர்ண்

நான் கண்டியில் பிறந்தவன். எங்கட ஊரில் றக்பி என்பது கிரிக்கெட்டுக்குத் தம்பி இல்லை, சில வீடுகளில் அண்ணன். டிரினிட்டியும் கொழும்பு ரோயலும் மோதும் பிராட்பி கேடயத்துக்கு ஊரே இரண்டாகும். அந்தச் சூழலில் வளர்ந்தவன் மெல்பேர்ணுக்கு வந்தால், இங்கே எல்லோரும் வேறொரு கால்பந்துக்குப் பைத்தியம். இருந்த ஒரே தொழில்முறை றக்பி கிளப் ரெபல்ஸும் 2024 சீசனோடு மூடப்பட்டது. கடைசிச் சட்டையை அலுமாரியில் மடித்து வைத்திருக்கிறேன்.

அதனால் 2025 ஜூலையில் பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்து ஆடும் லயன்ஸ் அணி இங்கத்தைய பெரிய மைதானமான எம்சிஜிக்கு வந்தபோது விடவில்லை. 90 ஆயிரத்துக்கும் மேல் சனம். எனக்குப் பக்கத்தில் ஒரு ஐரிஷ் பெண்மணி, வயது எழுபது இருக்கும், சிவப்புத் தொப்பி. நாங்கள் 23-5 என்று போனபோது என் முழங்கையைத் தட்டி, "அனுபவியுங்கள், நேரம் இருக்கிறது" என்றார். கடைசி நிமிடத்தில் ஹியூகோ கீனன் மூலையில் ட்ரை. 29-26. அதற்கு முன் ரக்கில் (தரையில் கிடக்கும் பந்துக்கான மோதலில்) லயன்ஸின் ஜாக் மோர்கன் எங்கள் டிஸானோவைத் தள்ளியது பெனால்டி இல்லையா என்று இன்றுவரை சண்டை. பெரிய திரையில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நான் பெனால்டி என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்றார். பொய். என்னைவிடத் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

சிட்னியில் அடுத்த வாரம் 22-12 என்று நாங்கள் வென்றோம். தொடர் போய்விட்ட பிறகு வென்று என்ன. ஆனால் அந்த மூன்று வாரமும் றக்பியைப் பற்றிப் பேச ட்ராமில் ஆள் கிடைத்தது. எனக்கு அது போதும்.

வெலிங்டனிலிருந்து, மறுபடி

ஆக்லாந்துக்காரரின் விதி விஷயத்தில் நான் உங்கள் மனைவி கட்சி. ஸ்க்ரம்மில் மடங்கியதற்கும் ஜப்பானில் ஒருவர் ஆடுவதற்கும் என்ன சம்பந்தம்? ஸ்பிரிங்பாக்ஸ் மாற்று இருக்கையில் ஸ்க்ரம் தள்ளும் முன்கள ஆட்கள் ஐந்தாறு பேரை வைத்து இரண்டாம் பாதியில் புதிதாக இறக்குகிறார்கள். 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் எட்டில் ஏழு பேர் அப்படி. எங்கள் ஆட்கள் மூச்சு வாங்கும்போது லாரி மாதிரி வந்து இறங்குகிறார்கள். அதற்கு வழி கண்டுபிடிக்காதவரை யாரைக் கூப்பிட்டு என்ன.

டர்பன் நண்பருக்கு ஒரு கேள்வி. 2026இல் ஆல் பிளாக்ஸ் பழைய காலத்துப் பாணியில் அங்கே நீண்ட சுற்றுப்பயணம் வருகிறது. தாத்தா எந்தச் சட்டையில் பார்ப்பார்?

டர்பன்

கேட்டுவிட்டு வந்தேன். பேரன் வாங்கிக் கொடுத்த பச்சைச் சட்டைதானாம். ஆகஸ்டில் இங்கே குளிரும் என்பதால் உள்ளே ஒரு கருப்பு பனியன்.