எல்.கே.ஜி. கையில் பென்சில்: எப்போது, எப்படி?

மழலையர் வகுப்பு ஆசிரியை:
ஜூனில் சேர்ந்த குழந்தை ஆகஸ்டில் ‘அ’ எழுதவில்லை என்று பெற்றோர் வந்து நிற்பது பல பள்ளிகளில் நடப்பதுதான். ‘அ’வில் சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நெடுங்கோடு எல்லாம் இருக்கின்றன. பார்த்து வரைவதில் வட்டம் ஏறக்குறைய மூன்று வயதில் வரும், கூட்டல் குறி நான்கில், சதுரம் நாலரையை ஒட்டி, முக்கோணம் ஐந்தில். கூட்டல் குறியே தடுமாறும் கையிடம் ‘இ’யும் ‘ஐ’யும் ஒரு பக்கம் கேட்கிறோம்! எழுத்துக்கு அகரவரிசை கட்டாயமில்லை. ட, ப என்று நேர்கோட்டில் தொடங்கி ம, ய என்று வளைவுக்குப் போனால் அழுகை பாதி குறையும். அகரவரிசையைப் பாட்டாகப் பாடட்டும், அதற்கு எந்த வயதும் சரி.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளுக்குக் கையையும் உடலையும் பழக்கும் சிகிச்சையாளர்):
டீச்சர் சொன்னதற்குக் காரணம் கையிலேயே இருக்கிறது. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். நான்கு வயதுக் குழந்தையின் எக்ஸ்ரேயில் பொதுவாக மூன்று நான்குதான் தெரியும், மற்றவை இன்னும் குருத்தெலும்பு. விரல் தசைக்கும் வலு போதாது. இந்த நிலையில் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் குழந்தை ஏதோ ஒரு வழியில் சமாளிக்கும்: கட்டைவிரலைப் பென்சில்மேல் சுற்றி மடக்கும், தோளிலிருந்து கோடு இழுக்கும், தாள் கிழிய அழுத்தும். அந்தப் பிடி படிந்துவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

கிரேயானை ஓர் அங்குலத் துண்டாக உடைத்துக் கொடுங்கள். உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்க நீளம் இருக்காது, மூன்று விரல்களும் தானாகக் கூடும். (புதுப் பெட்டியை உடைக்கப் பலருக்கு மனம் வருவதில்லை.) சார்ட்டை மேசையில் விரிக்காமல் சுவரில் குழந்தையின் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். நின்று வரையும்போது மணிக்கட்டு பின்பக்கமாக மடங்கும். எழுதுவதற்கு வேண்டிய நிலை அதுதான். கொடியில் கிளிப் மாட்டுவது, ஈரத்துணி பிழிவது, பட்டாணி உரிப்பது எல்லாமே கைக்கு வேலை.

3, 7 இவற்றைத் திருப்பி எழுதுவது ஆறேழு வயதுவரை சகஜம், சிவப்பு மையில் சுழிக்காதீர்கள். ஐந்து வயது முடிந்தும் வட்டமும் கூட்டல் குறியும் வரவில்லை, எழுதினால் கை வலிக்கிறது என்றால் மட்டும் எங்களைப் போன்றவரிடம் காட்டிப் பாருங்கள்.

அங்கன்வாடிப் பணியாளர்:
செலவில்லாத சாமான் சொல்கிறேன். பிசையும் மாவுக்கு 2 டம்ளர் மைதா, 1 டம்ளர் பொடியுப்பு, 2 ஸ்பூன் எண்ணெய். தண்ணீர் ஒரு டம்ளருக்குச் சற்றுக் குறைவு, அதையும் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மொத்தமாக ஊற்றினால் கொழகொழத்துப் போகும். உப்பு ஈரத்தை இழுப்பதால் மழைக்காலத்தில் பிசுபிசுக்கும், இறுக்கமான டப்பாவில் வையுங்கள். விரலில் கீறல் உள்ள குழந்தைக்கு எரியும், அன்றைக்கு அதற்கு வேறு வேலை.

மணல் தட்டுக்கு மணலைச் சலித்து, கழுவி, காயவைத்து, தாம்பாளத்தில் அரை சென்டிமீட்டர் பரப்பினால் போதும். கனமாகப் போட்டால் விரல் இழுத்த கோடு உடனே சரிந்து மூடிவிடும். ரவை பார்க்க அழகு, ஆனால் மறுநாள் எறும்பு. திண்ணைப் பள்ளியிலும் மணலில் விரலால்தான் எழுத்து தொடங்கியது, யாரும் பென்சில் தேடவில்லை.

கணக்குக்குப் பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு ஒரு விதை, ஒவ்வொன்றும் விழும்போது ஓர் எண் சொல்ல வேண்டும். நூறுவரை ஒப்பிக்கும் பிள்ளை ஐந்து விதையை ஏழு என்று எண்ணும். வாய் முந்துகிறது, விரல் பிந்துகிறது. இரண்டும் சேர்ந்து போகும்வரை கூட்டல் கணக்குப் பக்கமே போகாதீர்கள். புளியங்கொட்டை நான்கு வயதுக்கு மேல்தான். சின்னதுகள் மூக்கில் போட்டுக்கொள்ளும். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

மழலையர் வகுப்பு ஆசிரியை:
அக்கா சொன்ன அத்தனையும் செய்தாலும் வீட்டுக்கு நோட்டு போகவில்லையே என்ற கேள்வி வரும். பெற்றோர் கூட்டத்தில் அவர்களையே பழக்கமில்லாத கையால் ஒரு நிமிடம் ‘அம்மா’ என்று வரிசையாக எழுதச் சொல்லுங்கள், குழந்தையின் பாடு புரியும். அடுத்து, மாதம் ஒரு மனித உருவப் படம் வரையவைத்துத் தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள். ஜூனில் தலையிலிருந்தே கால் முளைத்த உருவம் பிப்ரவரியில் உடம்பு, விரல், காதோடு நிற்கும். வளர்ச்சிக்கு ஆதாரம் கேட்பவருக்கு அதை எடுத்துக் காட்டலாம். வீட்டுப்பாடம் கேட்டு வற்புறுத்தினால், ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்கே கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை நினைவூட்டுங்கள்.