உப்புவெளிக் கடலடியில் ஒரு விமானம்: அடையாளம் காண உதவி வேண்டும்

வணக்கம். திருகோணமலை உப்புவெளிக்கு நேரே, ஏறக்குறைய பத்துப் பாகம் (சுமார் 18 மீட்டர்) ஆழத்தில், வலை அடிக்கடி சிக்கும் இடமொன்றில் விமானச் சிதைவு கிடக்கிறது. சுழியோடித் தம்பி ஒருவர் எடுத்த வீடியோவில் எஞ்சின் தெளிவாகத் தெரிகிறது: ஆறாறாக இரண்டு வரிசை சிலிண்டர்கள், வி வடிவம். அப்படியென்றால் ஜப்பானியரின் சீரோ போர் விமானம் இல்லை; அதில் சிலிண்டர்கள் வட்டமாக இருக்கும். (ஊர்ப் பெரியவர்களுக்கு எல்லாமே ‘ஜப்பான்காரன் பிளேன்’தான், அது வேறு கதை.)

1942 ஏப்ரல் 9, ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கிய அன்று சீனக்குடா விமானத்தளத்திலிருந்து எழும்பிய பிரித்தானிய ஹரிக்கேன் போர் விமானம் என்பது என் ஊகம். ஆனால் ஃபுல்மார் என்ற இன்னொரு பிரித்தானியப் போர் விமானத்துக்கும் அதே வி வடிவ மெர்லின் எஞ்சின்தான். ஹரிக்கேன் என்றால் விமானி மட்டும். ஃபுல்மார் என்றால் இருவர்.

அன்று சீனக்குடாவில் ஹரிக்கேன்களோடு இருந்த பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் படைப்பிரிவின் அன்றைய பதிவேட்டைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சிங்கப்பூரில் இருப்பவர்கள், அங்குள்ள கிராஞ்சி போர் நினைவிடத்தில் பெயர் பொறித்த விமானப்படையினரில் அந்தத் தேதியில் காணாமல் போனவர்களைத் தேடித் தர முடியுமா? அப்புறம், மெர்லினில் தொடர் எண் எந்தப் பக்கம் இருக்கும்?

நாங்கள் எதையும் தொடவில்லை. உள்ளே வெடிமருந்து இருக்கலாம், மனித எச்சமும் இருக்கலாம். சரியான இடத்தை இங்கே போடமாட்டேன்; பழைய இரும்பு எடுப்பவர்களும் படிப்பார்கள்தானே.