மறு: பானியர், டாப் பாக்ஸ், டேங்க் பேக் ஆகியவற்றுக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம்.

> ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் செல்லும் பராமரிப்புப் பணியாளர்களுக்காக ஒரு கையேடு எழுதுகிறோம். வேலை உடையையும் பாதுகாப்புக் கருவிகளையும் வண்டியில் கொண்டுசெல்வது பற்றிய பகுதிக்கு இந்த மூன்று சொற்களும் வேண்டும்.

பானியர் பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்குவது, டாப் பாக்ஸ் இருக்கைக்குப் பின்னால் நிற்பது, டேங்க் பேக் பெட்ரோல் கலன் மீது அமர்வது. இந்த மூன்றில் எதற்குள் எதை வைக்கலாம் என்பதை, அது வண்டியில் எந்த இடத்தில் அமர்கிறது என்பதே முடிவு செய்கிறது. ஆகவே இடத்தைச் சொல்லும் பெயர்தான் பணியாளருக்குப் பயன்படும் என்பது என் கருத்து. முதுகில் மாட்டுவதை முதுகுப்பை என்று எல்லோரும் எளிதாக ஏற்றுக்கொண்டதும் இந்த வழியில்தான்.

டாப் பாக்ஸை எடுத்துக்கொள்வோம். அது இருக்கைக்குப் பின்னால், பெரும்பாலும் பின் அச்சையும் தாண்டி, உயரத்தில் நிற்கிறது. அதில் எடை கூடினால் முன்சக்கரத்தின் மீதுள்ள அழுத்தம் குறைந்து, வேகத்தில் கைப்பிடி ஆடத் தொடங்கும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் அதற்குப் பொதுவாக 3 முதல் 10 கிலோ வரைதான் எடை வரம்பு வைக்கிறார்கள். இடத்தை அடைத்துக்கொண்டு எடை குறைவாக இருப்பவையும் நசுங்கக் கூடாதவையுமே அதற்கு ஏற்றவை: தொழிற்சாலைத் தலைக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி, ஒளிர்சட்டை. குழுவில் ஒருவர் முன்மொழிந்த 'மேற்பெட்டி' அதன் உயரத்தை மட்டுமே காட்டுகிறது. எடை பின்னால் விழுகிறது என்ற எச்சரிக்கை 'பின்பெட்டி'யில்தான் இருக்கிறது.

தலைக்கவசம் என்று எழுதியதும் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. ஆலைக்குள் அணிவது ஐ.எஸ். 2925 என்ற இந்தியத் தரத்தைச் சேர்ந்தது. மேலிருந்து விழும் பொருளைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. வண்டியில் அணிய வேண்டியது ஐ.எஸ். 4151 தரத்தைச் சேர்ந்தது. மஞ்சள் நிற ஆலைக் கவசத்தை மாட்டிக்கொண்டே நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுபவர்களை அந்தப் பகுதியில் யாரும் பார்த்திருக்கலாம். விழுந்தால் அது தலையில் நிற்கவே நிற்காது. கையேடு இரண்டையும் வெறுமனே தலைக்கவசம் என்று எழுதாமல், 'ஆலைத் தலைக்கவசம்', 'சாலைத் தலைக்கவசம்' என்று பிரித்தே எழுத வேண்டும் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

> பானியருக்குச் 'சேணப்பை' ஏற்கெனவே இருக்கிறதே? இல்லையென்றால் பெரும்பாணாற்றுப்படையின் 'புணர்ப்பொறை'யை மீட்டெடுக்கலாமே?

புணர்ப்பொறையைச் சுட்டிக்காட்டிய ஐயாவுக்கு என் நன்றி. மிளகுப் பொதியை இருபுறமும் ஒத்த கனமாகக் கட்டிச் சுமந்து, முதுகில் தழும்பேறிய கழுதைகளைச் சொல்லும் அந்த வரிகளில், நமக்கு வேண்டிய பொருள் துல்லியமாகவே இருக்கிறது. ஆனால் இன்றைய பணியாளருக்குப் 'பொறை' என்றால் பொறுமை. 'புணர்' என்பதற்கோ வேறு பொருள்தான் முதலில் தோன்றும். விளக்கம் இல்லாமல் கையேட்டில் வைக்க முடியாத சொல்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். சேணப்பையில் வேறு சிக்கல் உண்டு. துணியால் ஆன பைக்கு அது பொருந்தினாலும், நெகிழியிலும் அலுமினியத்திலும் வரும் பெட்டிகளுக்குப் பொருந்தாது. பணியாளர் தேர்ந்தெடுக்க வேண்டியதோ இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

பை எடை குறைவானது, விலையும் குறைவு, வேண்டாதபோது கழற்றி வைத்துவிடலாம். ஆனால் பையைச் சக்கரத்தில் படாமல் தள்ளி நிறுத்தும் தாங்குகம்பி பொருத்தாமல் தொங்கவிட்டால் அது உள்வாங்கிப் பின்சக்கரத்தில் உரசும். நம் ஊர் வண்டிகளில் சைலன்சர் பெரும்பாலும் வலப்புறம் இருப்பதால், அந்தப் பக்கத்துப் பையின் அடிப்பகுதி நைலானாக இருந்தால் சூட்டில் உருகி ஓட்டை விழும். உயரத்தில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக் கச்சையை, அதாவது சேஃப்டி பெல்ட் என்று எல்லோரும் சொல்வதை, அந்தப் பக்கம் வைக்கவே கூடாது; அதன் பட்டை சூட்டாலும் ரசாயனத்தாலும் வலுவிழக்கும், வலுவிழந்தது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். பெட்டியில் இந்தத் தொல்லைகள் குறைவு, பூட்டும் உண்டு, ஐப்பசி மழையிலும் உடை நனையாது. ஆனால் வியர்வை ஊறிய உடையை அதில் அடைத்து மூடினால் காற்றோட்டமின்றி நாற்றமெடுக்கும். வண்டியின் அகலமும் கூடிவிடுவதால் நெரிசலில் நுழைந்து போக முடியாது.

ஆகவே துணியாலானது 'பக்கப்பை', கெட்டியானது 'பக்கப்பெட்டி', இரண்டுக்கும் பொதுவாகப் 'பக்கப்பொதி' என்று வைத்துக்கொள்ளலாம். பொதிமாட்டை அறிந்த மொழிக்குப் பொதி என்ற சொல் அந்நியமன்று. கடைகளில் வழங்கும் 'சைடு பாக்ஸ்' என்ற வழக்கோடும் இது ஒத்துப்போகிறது. 'இணைப்பெட்டி' என்றும் எண்ணிப் பார்த்தேன். மின் பணியாளர்கள் அதை 'இணைப்புப் பெட்டி' என்று படித்து ஒயர்கள் சேரும் பெட்டியாகப் புரிந்துகொள்வார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

> டேங்க் பேக்குக்கு 'கலன்பை' என்று வைக்கலாமா?

'முன்பை' போதும். பணப்பை, அடையாள அட்டை, கையுறை, காதடைப்பான் தவிர அதில் வேறெதுவும் வைக்க வேண்டியதில்லை. உயரமாக அடைத்தால் கைப்பிடியைத் திருப்பும்போது இடிக்கும்.

இந்தச் சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பதற்காகக் கையேட்டுக்குரிய ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

"பாதுகாப்புக் காலணி ஒரு சோடி ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அதை ஒரு பக்கப்பொதியில் வைத்தால், மறுபக்கத்தில் அதற்கு ஒத்த எடையாகக் கருவிகளை வையுங்கள். கனமானவை அடியில் இருக்கட்டும். துவைத்த உடையையும் எண்ணெய்க்கறை பட்ட உடையையும் தனித்தனி உறையில் இடுங்கள். ஆலைத் தலைக்கவசம் பின்பெட்டிக்குள் செல்லட்டும். அதன் மீது வேறெதையும் அடுக்க வேண்டாம்."

கலைச்சொல் பட்டியல் முடிவாகும் முன், வண்டிக்குப் பெட்டி பொருத்தித்தரும் கடைக்காரர் ஒருவரிடம் இந்தப் பத்தியைப் படித்துக்காட்டுமாறு கையேட்டுக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். 'தாங்குகம்பி'க்கு அவர்களிடையே இதைவிட நல்ல சொல் வழங்கினால், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.