சுழலும் கைப்பிடி: பிவிசிக்குள் பேரிங் நழுவாமல் இருக்க என்ன வழி?

பிடி வலிமைப் பயிற்சிக்காகச் சுழலும் கைப்பிடி தயாராகிறது. ஒற்றைக் கையால் 80 கிலோ வரை தூக்க வேண்டும். ஒரு இடத்தில் சிக்கல், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாகங்கள்: 2 அங்குல ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமனைக் குறிக்கும் தரம்) பிவிசி பைப் 15 செ.மீ. (வெளிவிட்டம் 60 மிமீ), இரு முனையிலும் 6304 பேரிங் (20 மிமீ துளை உள்ள குண்டுத் தாங்கி), நடுவே எம்20 திரெட் ராட் (20 மிமீ மரைக் கம்பி). ராடின் இரு பக்கமும் 40×6 பட்டைக் கம்பி கீழிறங்கி, எடை மாட்டும் கொக்கியில் சேர்கிறது.

நட்டை இறுக்கினால் சுழற்சி கனத்துவிடும் பிரச்சினை தீர்ந்தது. சாதாரண எம்20 வாஷரின் விட்டம் 37 மிமீ. அது பேரிங்கின் உள்வளையத்தைத் தாண்டி ரப்பர் சீலில் உரசும். அதற்குப் பதில் முக்கால் அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் 3 மிமீ வளையம் அறுத்துப் போட்டால் உள்வளையத்தில் மட்டும் உட்காரும். இரண்டு பேரிங்குக்கும் நடுவிலும் அதே பைப்பில் ஒரு நீளத் துண்டு வேண்டும். அது இல்லாவிட்டால் நட்டின் அழுத்தம் முழுக்கக் குண்டுகள் மேல் பக்கவாட்டில் விழும். இந்தத் துண்டின் முனைகளை நேராக அறுப்பதுதான் உண்மையான வேலை.

மீதிச் சிக்கல்: பேரிங்கின் வெளிவிட்டம் 52 மிமீ, பைப்பின் உள்விட்டமோ சுமார் 52.5. எடை ஏறியதும் வெளிவளையம் பைப்புக்குள் நழுவிச் சுற்றுகிறது. இன்சுலேஷன் டேப் நசுங்கிப் பிதுங்குகிறது. குளிர்பானக் கேன் தகடு சுற்றி இபாக்சி வைத்தால் பிவிசியில் ஒட்டி நிற்குமா? மணல்தாளில் உரசினால் போதுமா? அல்லது பேசாமல் இரும்பு பைப்புக்கே மாறிவிடலாமா?