பிரைமோரியலுக்குத் தமிழ்: ‘பகாப் பெருக்கம்’ பொருந்துமா?

வணக்கம் ஐயா. 2-இல் தொடங்கி ஓர் எல்லை வரையுள்ள பகா எண்கள் அனைத்தையும் பெருக்கி வருவது பிரைமோரியல் (primorial). அதற்குத் தமிழ்ப்பெயராக நீங்கள் எழுதியது:

> பிரைமோரியலைப் ‘பகாப் பெருக்கம்’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் முதலில் தலையாட்டிவிட்டேன். அப்புறம் 510510-ஐ வைத்துப் பார்த்தபோது இடித்தது.

2, 3, 5, 7, 11, 13, 17 ஆகிய ஏழையும் பெருக்கினால் 510510. ‘பகா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அடுத்து நிற்கும் பெயரைப் பற்றிக்கொள்ளும். பகா எண் என்றால் பகாத எண். பகாப் பெருக்கம் என்றால் பகாத பெருக்கம் என்றாகிவிடுகிறது. 510510-ஓ தாராளமாகப் பகும். ஏழு காரணிகளில் எதையும் சேர்க்கலாம், எதையும் விடலாம். ஆக 2-இன் ஏழாம் அடுக்கு, 128 வகுத்திகள். அதன் நெற்றியில் போய்ப் ‘பகா’ என்று ஒட்டுவதா?

‘எண்’ விடுபட்டதுதான் கோளாறு. ‘பகாவெண் பெருக்கம்’ என்றால் அது தீரும். ஆனால் 714-உம் பகாவெண்களின் பெருக்கம்தான்: 2 × 3 × 7 × 17. நடுவில் 5, 11, 13 இல்லை. விட்டுப்போன மூன்றையும் பெருக்கினால் 715. 714 × 715 அதே 510510! (காரணிகளைக் கூட்டிப் பாருங்கள், இரண்டுக்கும் 29. பேஸ்பாலில் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன்களை 1974-இல் ஹேங்க் ஆரன் 715-ஆவதை அடித்துத் தாண்டினார். இத்தகைய சோடிகளுக்கு ரூத்–ஆரன் சோடி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாம் இங்கே எழுத்தெழுத்தாக மல்லுக்கட்டுகிறோம்.)

ஆகவே எதையும் விடவில்லை என்பதும் பெயரில் தெரிய வேண்டும். 1 முதல் ஓர் எண் வரை எல்லா முழு எண்களையும் பெருக்கும் பேக்டோரியலைத் (factorial) தொடர்பெருக்கம் என்று எழுதுகிறோமே, அதையொட்டிப் ‘பகாவெண் தொடர்பெருக்கம்’ என்கிறேன்.

———

> பகாவெண் தொடர்பெருக்கம்

இலக்கணம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘தொடர்’ என்றால் அடுத்தடுத்து என்றுதானே பொருள்? எங்கே தொடங்குவது என்று அது சொல்லவில்லையே. 13 × 21 × 34 × 55 போட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த நான்கு ஃபிபனாச்சி எண்கள் (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை). விடை உங்கள் 510510-ஏ. இதுவும் தொடர்பெருக்கம் ஆகிவிடாதா? 11 × 13 × 17-ஐ என்ன செய்வீர்கள்?

———

நான்கு ஃபிபனாச்சி எண்கள் அங்கே வந்து விழும் என்று எதிர்பார்க்கவில்லை, ஐயா!

தொடக்கம் பெயரில் இல்லை, உண்மைதான். பேக்டோரியல் 1-இல் தொடங்குவதும் பெயரில் இல்லை, வரையறையில் இருக்கிறது. 2-ஐயும் அங்கேயே வைத்துவிடலாம். எனக்கு உறுத்துவது முடிவுதான். ‘17-இன் பகாவெண் தொடர்பெருக்கம்’ என்று எழுதினால், 17 வரையா, முதல் 17 பகாவெண்களா என்று குழப்பம் வரும். ‘வரை’ கட்டாயம் வேண்டும். எழுதிப் பார்த்தேன்:

“17 வரையிலான பகாவெண் தொடர்பெருக்கத்துடன் 1-ஐக் கூட்டினால் 510511. அது பகா எண் அன்று. 19 × 97 × 277.”

நீளம்தான். ஆனால் வாசிக்கும்போது எங்கும் தடுக்கவில்லை. இதைவிடச் சுருக்கமாக, பொருள் கெடாமல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.