மறுமொழி: அலுமினியத் தகட்டின் ‘டெம்பர்’ – ‘பதம்’ என்போமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

> தகட்டின் மேல் ஹெச்14, டி6 என்று அச்சிட்டிருக்கிறதே, அந்த ‘டெம்பர்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? இதுவரை கடினநிலை, விறைப்புநிலை, பதப்படுத்தல் என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன.

டெம்பர் என்பது, உலோகத்தை இறுக்கியோ இளக்கியோ கொண்டுவந்து நிறுத்திய நிலை; ஹெச்14, டி6 எல்லாம் அந்த நிலைகளின் குறியீடுகள். வந்த மூன்று சொற்களுமே அதற்குப் பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். ‘பதம்’ என்று மட்டும் சொன்னால் போதும். இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்கு எனக்கே நேர்ந்த ஒன்று காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருவிப்பெட்டியின் வரைபடக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். 6061 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவை, 2 மி.மீ. தகடு. மூலத்தில் டி6 (வெப்பத்தால் வலிமை ஏற்றியது) என்று இருந்ததை ‘பதப்படுத்திய தகடு’ என்று எழுதிவிட்டேன். வளைத்துக் கொடுத்தவர் அதை ‘இளக்கிய தகடு’, அதாவது சூடாக்கி மென்மையாக்கிய தகடு, என்று எடுத்துக்கொண்டார். அவர்மேல் தவறே இல்லை. தோலைப் பதப்படுத்தினால் அது மென்மையாகத்தானே ஆகிறது? கூரான அச்சில் வைத்துத் தொண்ணூறு பாகைக்கு அழுத்தினார். முதல் தகட்டிலேயே மடிப்பின் முதுகு பிளந்தது. பளபளவென்றிருந்த பரப்பில் நீளவாக்கில் மயிரிழைபோல ஒரு சாம்பல் கோடு. நகத்தை வைத்து இழுத்தால் சிக்கியது. டி6 தகடுதான் வேண்டுமென்றால் மடிப்பின் உள் ஆரம் தகட்டின் தடிமனைப்போல் மூன்று மடங்காவது இருந்திருக்க வேண்டும். மடிப்புக் கோடும் உருளையில் தகடு ஓடிய திசைக்குக் குறுக்காக விழுந்திருக்க வேண்டும். சொல் சரியாக இருந்திருந்தால் இவ்வளவையும் அவரே என்னிடம் கேட்டிருப்பார்.

ஆகவே ‘பதப்படுத்தல்’ வேண்டாம். அது ஒரு செயலின் பெயர். இங்கே நமக்கு வேண்டியது, தகடு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் பெயர்.

‘விறைப்புநிலை’யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தச் சொல் ஒரு தவறான கருத்தையே பரப்பிவிடும். 6061 கலவை இளகிய நிலையில் 125 மெகாபாஸ்கல் அளவு இழுவிசை தாங்கும். டி6 நிலையில் 310. நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லையோ 55-லிருந்து 276-க்கு ஏறிவிடுகிறது. ஆனால் பொருளின் விறைப்பைக் காட்டும் யங் குணகம் இரண்டு நிலையிலும் ஏறக்குறைய 69 ஜிகாபாஸ்கல்தான். சோதித்துப் பார்ப்பதும் எளிது. ஒரே அளவுள்ள இரண்டு தகடுகளை இரு முனையிலும் தாங்கி, நடுவில் ஒரு சிறு எடையை வையுங்கள். இரண்டும் ஒரே அளவுதான் தொய்யும். எடையைக் கூட்டிக்கொண்டே போய்ப் பிறகு எடுத்துவிட்டால், இளகிய தகடு வளைந்தபடியே நிற்கும், டி6 தகடு நிமிர்ந்துவிடும். விறைப்பைக் கூட்ட வேண்டுமானால் தடிமனைக் கூட்ட வேண்டும் (இரு மடங்காக்கினால் எட்டு மடங்கு விறைப்பு), அல்லது ஓரத்தை மடித்துவிட வேண்டும். டெம்பரை மாற்றினால் விறைப்பு மாறாது. அப்படியிருக்க ‘விறைப்புநிலை’ என்று பெயர் வைத்தால், டி6 வாங்கினால் தகடு தொய்யாது என்று படிக்கிற மாணவர் நம்பிவிடுவார்.

‘கடினநிலை’ அவ்வளவு மோசமில்லை. ஆனால் கடினம் என்பது தனியாக அளக்கப்படும் ஒரு பண்பு, அதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது.

இனி ‘பதம்’. மண் பதம், தோல் பதம் என்கிறோம். மருந்தெண்ணெய் காய்ச்சுவோர் மெழுகுபதம், மணற்பதம் என்று பிரித்துச் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது, ஒரு பொருளைக் குறிப்பிட்ட நிலைக்குக் கொண்டுவந்து அங்கே நிறுத்துவது. அலுமினியத்தில் டெம்பர் என்பதும் இதுதான். அதோடு ‘பதம்’ தனியாக வருவதில்லை, தன் வினைச்சொற்களையும் கூட்டிக்கொண்டு வருகிறது. எனக்கு அதில்தான் பெரிய மகிழ்ச்சி.

பதம் வரும். 1906-இல் ஆல்பிரட் வில்ம் அலுமினியத்தில் செம்பும் மக்னீசியமும் சேர்த்த கலவையைச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து அளந்தார். சில நாள் கழித்து அதே துண்டை அளந்தபோது, யாரும் தொடாமலே அது மேலும் கடினமாகியிருந்தது. பின்னால் வந்த டியூராலுமின் என்ற வலிய அலுமினியக் கலவைக்கு அதுவே அடிப்படை.

பதம் தப்பும். விமானத் தகடுகளை இணைக்கும் சில ரிவெட்டுகளைச் சூடாக்கி, நீரில் தோய்த்துச் சட்டென்று குளிர்வித்தவுடன் குளிர்பெட்டியில் வைப்பார்கள். வெளியே எடுத்தால் குறித்த நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும். விட்டால் தானாகவே இறுகி, அடிக்கும்போது வெடிக்கும். பதம் முற்றும்: சூட்டில் வேண்டியதற்கு மேல் வைத்திருந்தால் ஏறிய வலிமை திரும்ப இறங்கத் தொடங்கும். பற்றவைத்த இடத்தை ஒட்டி டி6 தகட்டின் வலிமை வெகுவாகக் குறைந்துபோகிறதே, அதற்குப் ‘பதம் இறங்கிவிட்டது’ என்பதைவிட நல்ல தமிழ் இருக்க முடியுமா?

வகைப்பெயர்களுக்கு என் பரிந்துரை இது. சூடாக்கி இளக்கிய ஓ நிலைக்கு இளம்பதம். உருளையில் நசுக்கி இறுக வைத்த ஹெச் வரிசைக்கு இறுகுபதம். வெப்பத்தால் வலிமை ஏற்றிய டி வரிசைக்கு வெப்பப்பதம். தோய்த்தவுடன் நிலைகொள்ளாமல் மாறிக்கொண்டேயிருக்கும் டபிள்யூவுக்கு நில்லாப்பதம். ஹெச்சுக்குப் பின் வரும் இரண்டாவது எண் இறுக்கத்தின் அளவு: 2 என்றால் கால், 4 அரை, 6 முக்கால், 8 முழுமை. ஆகவே ஹெச்14 என்பது அரையிறுகுபதம், ஹெச்18 முழுவிறுகுபதம். குறியீடுகளை மட்டும் மாற்ற வேண்டாம். தகட்டில் அச்சிட்டிருப்பது அதுதான், வாங்குபவர் அதைத்தான் தேடுவார்.

> இலக்கணத்தில் பகுபதம், பகாபதம் என்று ‘பதம்’ சொல்லைக் குறிக்கிறதே, குழப்பம் வராதா ஐயா?

வராது அம்மா. தகட்டைக் கையில் வைத்திருப்பவர் யாரும் பகுபதத்தை நினைக்கப்போவதில்லை. ‘தளை’ யாப்பிலும் இருக்கிறது, காலிலும் இருக்கிறது. ஒன்றோடு ஒன்று மோதவில்லை.

> செயலுக்கு என்ன பெயர்? நிலைக்குப் பதம் என்றால் ‘அனீலிங்’குக்கு?

இளக்கல். வெப்பத்தால் வலிமை கூட்டுவதற்குப் பதமேற்றல். இளக்கலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இரும்பு சூடேறினால் சிவக்கும், பார்த்தே பதம் அறியலாம். அலுமினியம் சிவக்காது. தூய அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும்; அதற்குச் சற்று முன்வரைகூட வெயிலில் தெரிவது அதே வெள்ளி நிறந்தான். 1100 என்ற, ஏறக்குறைய தூய அலுமினியமான தகட்டை இளக்க 345 பாகையே போதும். அதனால் கையால் இளக்குபவர்கள் முதலில் தகட்டின்மேல் சோப்புக் கட்டியால் ஒரு கோடு போடுகிறார்கள். பின்பக்கமிருந்து சுடரை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறார்கள். கோடு முதலில் பழுப்பாகும், பிறகு கரியாகும். கறுத்த நொடியிலேயே சுடரை விலக்கிவிட வேண்டும். ஆறியபின் ஓரத்தை விரலால் அழுத்தினால், முன்பு விண்ணென்று எதிர்த்த தகடு சத்தமில்லாமல் மடங்கும். ‘பதம் பார்த்தல்’ என்ற வழக்கு இதற்கு அப்படியே பொருந்துகிறது.

தடிமன் வேறுபாட்டையும் ஒருவர் கேட்டிருந்தார். 0.2 மி.மீ.க்கு மேல் ஏறக்குறைய 6 மி.மீ. வரை தகடு, அதற்கு மேல் தடித்தகடு. 0.2-க்குக் கீழே உள்ள மெல்லிய தாள் போன்றதற்குத் ‘தங்க ரேக்கு’ என்று வழங்கும் சொல்லையே எடுத்து அலுமினிய ரேக்கு என்னலாம். இதில் எனக்குப் பிடிவாதம் ஒன்றுமில்லை.

எனக்கு இன்னும் விடை கிடைக்காதது ஒன்று: அச்சின் அழுத்தம் விட்டதும் மடிப்பு இரண்டு மூன்று பாகை விரிந்து திரும்புகிறதே, அந்த ‘ஸ்பிரிங்பேக்’. ‘மீள்வு’ என்று எழுதிப் பார்த்தேன். உருக்கி மறுபடி எடுப்பதையும் மீட்பு என்பதால் நெருடுகிறது. ‘நிமிர்வு’ பரவாயில்லை என்று தோன்றுகிறது. “வெப்பப்பதத் தகட்டில் நிமிர்வு அதிகம், இளம்பதத்தில் குறைவு, அதற்கேற்பக் கோணத்தைக் கூட்டி மடிக்கவும்.” தகடு வளைக்கும் ஒருவரிடம் இந்த வரியைப் படித்துக் காட்டி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.